கேமராவில் தெரிந்த முதுகு

சாந்தோம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் கிளாடிஸ் டீச்சர் வீட்டில் முதலில் படுத்துக்கொள்வது இன்டர்நெட்தான். கரண்ட் அப்புறம்தான் போகும். ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் வருவது அதற்கும் பிறகு. டி.வி. மேஜைக்கு அடியில் இருக்கும் வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானதுமே செல்போன் அடிக்க ஆரம்பித்துவிடும். மெல்போர்னிலிருந்து மகள் ஜொவிட்டா.

“மம்மி, கேமரா ஆஃப்லைன்னு காட்டுது. ரௌட்டரப் பாரு.”

“மழைடி இங்க.”

“மழைக்கும் ரௌட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஸ்விட்ச ஆஃப் பண்ணு, கொஞ்சம் விட்டு ஆன் பண்ணு. எத்தன வாட்டி சொல்றது?”

எத்தனை வாட்டி சொல்வது என்று கிளாடிஸும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறாள். கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க வீட்டில் யாருமில்லை. கட்டிலில் ஃபிரெட்ரிக் இருந்தார். அவரோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிவாள். தூசியும் ஒயருமாக இருக்கும் இடத்தில் கையை விட்டு ஸ்விட்சைத் தேடுவாள்.

ஃபிரெட்ரிக் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நல்ல தோளகலம். கோயில் பாட்டுக் குழுவில் அவர் அடித்தொண்டையில் பாடினால் பின்வரிசை பெஞ்சு அதிரும் என்பார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஜொவிட்டா பறந்து வந்தாள், ஆஸ்பத்திரியில் ஓடியாடினாள், லீவு முடிந்ததும் அழுதுகொண்டே கிளம்பினாள். கிளம்புமுன் பீரோவுக்கு மேல் முட்டை மாதிரி வெள்ளையாக ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போனாள். அது கழுத்தைத் திருப்பும். பேசவும் செய்யும். முதல் நாள் அது, “மம்மி, டாடிக்குத் தலகாணி உயரமா இருக்கு” என்றபோது, புஷ்பம் கையிலிருந்த மூத்திரப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஐயோ, பீரோ பேசுது டீச்சரம்மா!”

புஷ்பம் நொச்சிக்குப்பத்துக்காரி. காலையில் ஃபிரெட்ரிக்கைக் குளிப்பாட்டி, புரட்டி, உட்காரவைத்து, சாயங்காலம் படுக்கவைத்துவிட்டுப் போவது அவள் வேலை. நடுவில் கீழ்வீட்டு ஸ்ரீலக்ஷ்மிக்குப் பாத்திரம் தேய்ப்பாள், கச்சேரி ரோட்டில் ஒரு டாக்டர் வீட்டைக் கூட்டித் துடைப்பாள். புடவையோடு குளிப்பாட்டினால் நனைந்து காலைச் சுற்றுகிறது என்று கிளாடிஸ் தன் பழைய நைட்டிகளை அவளுக்குக் கொடுத்திருந்தாள். வந்ததும் நைட்டிக்கு மாறி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, “எந்திரி நைனா, மாப்ள மாதிரி குளிச்சிக்கினு சோக்கா ஒக்காரு” என்று அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்து ஒரே தூக்கு. அந்த மனுஷனை அப்படித் தூக்க கிளாடிஸால் முடியாது. புஷ்பம் வந்துபோகும் நாட்களில்தான் அவளுக்கு மூச்சே வந்தது. சில நாள் பால்சுறா வாங்கிவந்து, புட்டு செய்து, முள் இல்லையென்று இரண்டு தரம் விரலால் பிசைந்து பார்த்து அவருக்கு ஊட்டிவிடுவாள். அன்றைக்கு மட்டும் ஃபிரெட்ரிக் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

உடம்பு வேலையை இப்படி இரண்டு பேருமாகச் சமாளித்தார்கள். மற்ற வேலைதான் கிளாடிஸைக் கொன்றது. கேஸுக்கு ஒரு ஆப், மருந்துக்கு ஒரு ஆப், கை கால் பயிற்சி கொடுக்க வருகிறவரை அழைக்க ஒரு ஆப். ஒன்று அப்டேட் செய் என்னும். அப்டேட் ஆனதும் நீ யார் என்று கேட்கும். பாஸ்வேர்டு போட்டால் தப்பு என்னும். ஓ.டி.பி. வரும், மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்னும். படத்தில் எங்கெல்லாம் டிராஃபிக் விளக்கு இருக்கிறதென்று காட்டி, நீ ரோபோ இல்லையென்று நிரூபி என்னும். முன்பெல்லாம் மருந்துக்காரருக்கு ஒரு போன் செய்தால் போதும். அவர் கடையை மூடிக்கொண்டு மகனிடம் போய்விட்டார்.

ஐப்பசி அடைமழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஒரு நாள் மத்தியானம் புஷ்பத்துக்குக் குப்பத்திலிருந்து போன் வந்தது. அவள் அவசர அவசரமாக நைட்டியைக் கழற்றி அலசிப்போட்டுவிட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டாள்.

“டீச்சரம்மா, ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துக்கிச்சாம். சாமானெல்லாம் மெதந்துக்கினு கீதாம். நான் ஓடுறேன். நைனாவுக்குக் கஞ்சி மட்டும் குடு. தனியா தூக்காத, இன்னா? இடுப்பு புட்டுக்கும். காலீல வந்து நான் பாத்துக்கறேன்.”

“நீ போ. நான் பாத்துக்கறேன்.”

அவள் போனதும் மழை இன்னும் வலுத்தது. வைஃபை பெட்டியில் சிவப்பு. வீட்டில் ஒரு துணி காயவில்லை. கிளாடிஸ் கட்டியிருந்ததிலும் கஞ்சி கொட்டி ஈரம். அடுப்புப் பக்கத்துக் கொடியில் காய்ந்தது ஒன்றுதான், முந்தின நாள் புஷ்பம் உடுத்திய பச்சை நைட்டி. மஞ்சள் பூப் போட்டது. அதை எடுத்து மாட்டி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். ஃபிரெட்ரிக்கின் வலிப்பு மாத்திரை அன்றோடு தீர்கிறது. ஒரு கையில் கஞ்சிக் கிண்ணமும் ஒரு கையில் போனுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆப் அப்டேட் கேட்டது. கொடுத்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஒருவழியாகத் திறந்து, மருந்தின் பெயரை அடித்து முடித்து, ஓ.டி.பி.யும் வந்து, அவள் எண்ணை அடித்துக்கொண்டிருக்கும்போது ஃபிரெட்ரிக் வாயிலிருந்த கஞ்சியைத் துப்பினார். அவள் முகத்தில், கண்ணாடியில், போனில் எல்லாம் கஞ்சி. துடைத்தாள். துடைத்த விரல் பட்டு எல்லாம் அழிந்து ஆப் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

அவள் அவரை அடித்தாள். கன்னத்தில், கையை ஓங்கி. அவர் ‘ஆ’ என்று ஒரு சத்தம் கொடுத்தார். மறுபடியும் அடித்தாள்.

பிறகுதான் பீரோ மேல் பார்த்தாள். அப்புறம் மேஜைக்கு அடியில். சிவப்பு விளக்கு. அப்பாடா என்றிருந்தது. அடித்ததைவிட அந்த அப்பாடாதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஃபிரெட்ரிக்கின் முகத்தைத் துடைத்து, கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஜெபமாலையை எடுத்தாள்; பாதியில் வைத்துவிட்டாள். மாத்திரையை ஸ்ரீலக்ஷ்மியின் கணவர் கொட்டுகிற மழையில் போய் வாங்கிவந்து தந்தார்.

நெட் இல்லாதபோதும் அந்த முட்டை ஆட்டம் தெரிந்தால் சில நொடிப் படத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே சேர்த்துவைத்திருக்கும், பச்சை விளக்கு வந்ததும் அனுப்பிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக ஜொவிட்டா கூப்பிட்டாள்.

“மம்மி, உனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். பாரு. நான் லைன்லயே இருக்கேன்.”

கிளாடிஸ் விரலால் அழுத்தினாள். இருட்டான, கறுப்பு வெள்ளைப் படம். பூப் போட்ட நைட்டியில் ஒரு பொம்பளையின் முதுகு. தோளில் துண்டு. அந்த முதுகு குனிகிறது, கை ஓங்குகிறது, அதற்கப்பால் ஃபிரெட்ரிக்கின் தலை ஒரு பக்கம் போய் விழுகிறது. அந்த முதுகு திரும்புமுன் படம் நின்றுவிடுகிறது. ஒரு நிமிஷம் கிளாடிஸுக்கு ரத்தம் கொதித்தது. பாவி, யாரிவள் என்று நினைத்தாள். மனுஷிக்குத் தன் முதுகு எப்படித் தெரியும்? இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதையும், கரும்பலகையில் எழுத எழுத வலக்கை அந்த மாதிரி உயரப் பழகியதையும் கண்டபிறகுதான் புரிந்தது.

“பாத்தியா மம்மி? நீ குடுத்த பூப் போட்ட நைட்டிதானே? டாடிய அவ எப்படி அடிக்கிறா பாரு. நீ எங்க இருந்த அப்ப? கிச்சன்லயா?”



“ம்” என்றாள் கிளாடிஸ்.

அந்த ஒரு எழுத்துதான் அவள் சொன்னது.

புஷ்பம் காலையில் முழங்கால்வரை சேறோடு வந்தாள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைத்த கண். கையில் இலையில் சுற்றிய இட்லி, நைனாவுக்கு. செருப்பைக் கழற்றுமுன் பீரோ பேசியது.

“புஷ்பம், நீங்க இனிமே வேலைக்கு வர வேணாம்.”

“இன்னா பாப்பா, காலங்காத்தால தமாசு பண்ணிக்கினு!”

“நேத்து மத்தியானம் டாடிய அடிச்சீங்க. எங்கிட்ட வீடியோ இருக்கு. மம்மியும் பாத்துட்டாங்க. போலீசுக்குப் போகாம விடறேன்னு நெனச்சுக்கங்க.”

புஷ்பம் பீரோவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். “நானா? நைனாவயா? மத்தியானம் நான் இங்க இல்லவே இல்ல பாப்பா. ஊட்டுல தண்ணி பூந்துக்கிச்சுன்னு ஓடுனேன். கேளு, டீச்சரம்மாவக் கேளு. சொல்லு டீச்சரம்மா.”

“மம்மி, அவ எப்ப போனா?”

கிளாடிஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மழையில… எனக்கு டைம் சரியா ஞாபகம் இல்ல.”

“அந்தப் படத்தக் காட்டு நீ,” என்று புஷ்பம் கையை நீட்டினாள். “நானே பாக்கறேன். எம் மூஞ்சி கீதான்னு பாக்கறேன்.”

“எனக்கு அதெல்லாம் திறக்கத் தெரியாது புஷ்பம்.”

போன் அவள் கையிலேயே இருந்தது. அந்தப் பொய்யை ஜொவிட்டா தயங்காமல் நம்பினாள். “மம்மிக்கு அதெல்லாம் வராது, அவங்கள விடுங்க,” என்றது பீரோ.

புஷ்பத்தின் பார்வை கொடிப் பக்கம் போனது. கிளாடிஸ் விடியற்காலையில் துவைத்துப்போட்ட பச்சை நைட்டி சொட்டிக்கொண்டிருந்தது. தான் நேற்று அலசிப்போட்டது அதன் பக்கத்தில் நீலமாகத் தொங்கியது. இரண்டையும் பார்த்தாள். பிறகு கிளாடிஸின் பக்கத்தில் வந்து, பீரோவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“நான் கத்துனா உம்பொண்ணு நம்பாது. நீயே சொல்டு. நீ படிச்சவ, கோயிலுக்குப் போறவ, சொல்லுவ. நாளைக்கு வரேன்.”

இலைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சொல்லத்தான் நினைத்தாள் கிளாடிஸ். ஜெபம் சொன்னபிறகு சொல்லலாம், ஜொவிட்டா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்குள் ஜொவிட்டா அந்த வீடியோவைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜகோபாலனுக்கு அனுப்பினாள். அவர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘ஜாக்கிரதை, இந்தப் பெண்மணியை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்’ என்று கீழே எழுதினார். ஸ்ரீலக்ஷ்மி அன்றே நிறுத்திவிட்டாள். டாக்டர் வீட்டுக்கு அது எப்படிப் போனதோ, அவர்களும் கேட்டைத் திறக்கவில்லை. மறுநாள் வாசலில் வாட்ச்மேன் புஷ்பத்தை உள்ளே விடவில்லை.

“அத அழிச்சிடச் சொல்லு ஜொவி,” என்றாள் கிளாடிஸ்.

“ஃபார்வர்டு ஆயிடுச்சு மம்மி. இனிமே எப்படி அழிக்கறது? நல்லதுதானே, மத்தவங்களாவது தப்பிச்சுக்கட்டும்.”

அதன்பிறகு வந்த நாட்களில் கிளாடிஸ் தனியாகப் புரட்டினாள், தனியாகத் துடைத்தாள். உட்காரவைக்க முடியவில்லை. ஃபிரெட்ரிக்கின் முதுகில் தோல் சிவந்தது. “ஏஜென்சில சொல்லியிருக்கேன், நல்ல ஆள் அனுப்புவாங்க,” என்றது பீரோ. “நீ ஒரு செயின்ட் மம்மி. உன்னத் தினமும் பாக்கறேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

அதைக் கேட்ட அன்றுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஃபிரெட்ரிக் தூங்கியதும் கதவைப் பூட்டிக்கொண்டு, குடையோடு கடற்கரைச் சாலைக்கு நடந்தாள். மழை விட்டிருந்தது. மீன் விற்கிற பெண்களின் ஓரத்தில் புஷ்பம் பலகை போட்டு உட்கார்ந்து, வாங்குகிறவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதில்.

“வா டீச்சரம்மா. இன்னா ஓணும்? வவ்வாலா, சங்கராவா?”

“புஷ்பம்…”

“நைனா எப்டி கீறாரு? முதுகுப் பக்கம் பவுடர் போடுறியா? புண்ணு வந்துரும்.”

“சிவந்திருக்கு.”

“வரும். நீ ஒருத்தியா இன்னா பண்ணுவ.” கத்தி சங்கரா மீனின் வயிற்றைக் கிழித்தது. “சொன்னியா?”

“இல்ல.”

“தெரியும். சொல்லியிருந்தா எவனாவது வந்து கூப்ட்டுருப்பான்.”

“இப்ப சொல்றேன். உன் எதிர்லயே சொல்றேன்.”

அவளே ஜொவிட்டாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். அதெல்லாம் அவளுக்கு நன்றாகவே வந்தது.

“ஜொவி, அந்த வீடியோல இருக்கறது புஷ்பம் இல்ல. நான். நான்தான் டாடிய அடிச்சேன்.”

“மம்மி, அவ உன்ன மிரட்டுறாளா? எங்க இருக்க நீ? என்ன சத்தம் அது?”

“யாரும் மிரட்டல. துணி காயல, அவ நைட்டிய நான் போட்டிருந்தேன். மருந்து ஆர்டர் பண்ண வரல, டாடி துப்பிட்டாரு, அடிச்சுட்டேன். தோளப் பாருடி. அது உங்கம்மா முதுகு.”

அந்தப் பக்கம் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. படத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறாள் என்று கிளாடிஸுக்குத் தோன்றியது. ஒரு லாரி கடந்து போயிற்று. பிறகு ஜொவிட்டா பேசினாள். குரல் மாறியிருந்தது.

“மம்மி. நீ டயர்டா இருக்க. இத வேற யார்கிட்டயும் சொல்லாத. ஊரெல்லாம் பாத்தாச்சு. இப்பப் போய் என்னன்னு சொல்றது? டாடிக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். அப்படியே விட்டுடு. அந்தம்மாவுக்கு நான் வேற ஏதாவது ஹெல்ப் பண்றேன்.”

புஷ்பம் மீனைக் கழுவிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். வாங்கியவர் போனதும் கிளாடிஸின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியா? உம்பொண்ணுக்குப் புரிஞ்சிப்போச்சு. புரிஞ்சிக்கினுதான் சொல்லுது. நீ சொல்லிட்ட, உன் மனசு லேசாப் பூட்ச்சு. எனக்கு இன்னா? உம்பொண்ணா எனக்கு வேல குடுத்துது? கீழ்வூட்டு அம்மாவும் டாக்டரம்மாவும் அந்தப் படத்தத்தான பாத்தாங்க. அவங்களாண்ட சொல்லு.”

கிளாடிஸ் அங்கேயே நின்றுகொண்டு குழுவைத் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். ‘அடித்தது’ என்று அவள் தொடங்கினால் போன் ‘அடுத்தது’ என்று மாற்றியது. திருத்தினாள். கண்ணாடியில் தூறல் விழுந்தது, துடைத்துக்கொண்டாள். ‘புஷ்பம் அடிக்கவில்லை. அடித்தது நான். கிளாடிஸ்.’ அனுப்பினாள்.

“பூட்ச்சா?”

“போயிடுச்சு.”

இரண்டு பேரும் போனின் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ராஜகோபாலனின் செய்தி வந்தது.

“இன்னா போட்டுக்கறாரு? படி.”

கிளாடிஸ் படித்தாள். “‘எல்லாரும் கவனிக்கவும். கிளாடிஸ் டீச்சரோட போன் ஹேக் ஆயிருக்கு. அவா பொண்ணு ஆஸ்திரேலியாலேர்ந்து இப்பதான் பேசினா. டீச்சர் பேர்ல வர்ற எதையும் நம்ப வேண்டாம். லிங்க் வந்தா தொடாதேங்கோ.’”

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதியது மறைந்து, நிர்வாகி இதை நீக்கிவிட்டார் என்று வந்தது. அடுத்தாற்போல், நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று வந்தது. ஸ்ரீலக்ஷ்மி மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: ‘யாரு இது? எங்க டீச்சர் போன்ல விளையாடறியா, உருப்படுவியா நீ?’

புஷ்பம் சிரித்துவிட்டாள். சிரிப்பு அவள் கண்ணுக்குப் போகவில்லை.

“நீ சொன்னாலும் நீயில்லன்றாங்க. போ டீச்சரம்மா. நைனா தனியா கீறாரு. மழ வர்து பாரு.”

“நான் வீடு வீடாப் போய்ச் சொல்றேன் புஷ்பம்.”

“சொல்லு,” என்றாள் அவள், அடுத்த மீனை இழுத்துப் பலகையில் வைத்துக்கொண்டே. நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீடு வீடாகத்தான் போனாள். ஸ்ரீலக்ஷ்மி கையைப் பிடித்து உட்காரவைத்து காபி கொடுத்தாள். “உங்களுக்கு ரொம்ப இளகின மனசு டீச்சர்,” என்றாள். ராஜகோபாலன் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, “நான் ஆளவிட்டுச் சுத்தம் பண்ணித் தர்றேன். எங்கப்பாக்கும் இப்படித்தான் ஆச்சு. வயசானவாளத்தான் குறிவைக்கறான்,” என்றார். டாக்டர் வீட்டில் கேட்டுக்கு அப்பாலிருந்தே சரி சரி என்றார்கள். கணக்கு டீச்சராக இருந்தபோது அவள் சொன்னதை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது அவள் சொல்லச் சொல்ல எல்லாரும் இன்னும் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

ஏஜென்சியிலிருந்து ஆள் வந்தது. ஸ்வர்ணலதா என்று பெயர், நீலச் சீருடை. வந்ததும் முதல் கேள்வி, “கேமரா எங்க இருக்கு மேடம்? அதுக்கு நேரா நின்னுதான் செய்யணும்னு சொல்லியிருக்காங்க.” பீரோ மேல் பார்த்து வணக்கம் சொன்னாள். கெட்டிக்காரி. ஃபிரெட்ரிக்கை அலுங்காமல் புரட்டி, முதுகில் மருந்து தடவி, தலையணை வைத்து உட்காரவைத்தாள்.

கஞ்சியை நான் கொடுக்கிறேன் என்று கிளாடிஸ் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பூனை எடுத்து அவர் வாயருகே உயர்த்தினாள். ஃபிரெட்ரிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நல்லாயிருந்த இடக்கை மெல்ல எழும்பி முகத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

“பாவம் மேடம்,” என்றாள் ஸ்வர்ணலதா. “அந்தப் பொம்பள எவ்ளோ அடிச்சிருந்தா இப்படிப் பயப்படுவாரு.”

“அவ அடிக்கல. நான்தான் அடிச்சேன்.”

ஸ்வர்ணலதா பீரோவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழந்தைகளிடம் சிரிப்பதுபோலச் சிரித்தாள். “நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. நீங்க போய்க் கொஞ்சம் படுங்க மேடம்.”

கிளாடிஸின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் ஊட்டியபோது ஃபிரெட்ரிக் கையை இறக்கி, வாயைத் திறந்தார்.